சதுப்பின் மேல் ஒரு மஞ்சள் புள்ளி

அந்த ஊரில் யாரிடமும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். "உங்களுக்கு எத்தனை வயசு?" என்று கேட்கலாம். "உங்க மூக்கு ஏன் இவ்வளவு செவப்பா இருக்கு?" என்றுகூடக் கேட்கலாம். "ஹில்லா எங்க பறிச்சீங்க?" என்று மட்டும் கேட்கக் கூடாது.

கேட்டால், "காட்டுல" என்று பதில் வரும். "காட்டுல எங்க?" என்று விடாமல் கேட்டால், "மரத்துக்குப் பக்கத்துல" என்பார்கள். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் மரம்தான்.

ஹில்லா என்பது பின்லாந்தின் வடக்கே சதுப்பு நிலத்தில் விளையும் பழம். ஒரு செடிக்கு ஒரே ஒரு பழம். அதுவும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். மற்ற பழங்கள் பழுத்தால்தான் சிவக்கும். ஹில்லாவோ தலைகீழ். காயில் சிவந்து கிடக்கும். பழுக்கப் பழுக்கத் தேன் நிறத்துக்கு மாறும்.

காட்டுப் பழம் யாருக்கும் சொந்தமில்லை. யார் முதலில் போய்க் குனிகிறார்களோ அவர்களுக்குத்தான். அதனால் பழம் இருக்கும் இடத்துக்கு வேலி போட முடியாது. வாய்க்குத்தான் பூட்டுப் போட முடியும்.

ரெய்யோ மாமா தன் வாய்க்குப் பூட்டுப் போட்டு முப்பத்தொரு வருடம் ஆகிறது. தன்னுடைய ஹில்லா இடத்தை அவர் கூடப்பிறந்த தம்பிக்கும் சொன்னதில்லை. தம்பியும் தன் இடத்தை அவருக்குச் சொன்னதில்லை. இருவருக்கும் அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

ரெய்யோ மாமா பள்ளிக்கூட டாக்சி ஓட்டுகிறவர். பத்து வயது சைமியின் வீட்டுக்கு அடுத்த வீடு. குளிர்காலம் முழுக்க இருட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார், இருட்டில் திரும்பக் கொண்டுவந்து விடுவார். இந்த வசந்தத்தில் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது காலில் இரும்புக் கீல் வைத்த பெரிய பட்டை ஒன்று கட்டியிருக்கிறார். நடக்கும்போது 'கிளிக், கிளிக்' என்று சத்தம் வரும்.

ஜூலை மாதக் கடைசியில் ஒருநாள் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஏம்மா சைமி, உனக்குக் குனிய வருமா?"

"வரும் மாமா."

"குனிஞ்சா நிமிர வருமா?"

"அதுவும் வரும்."

"வாயை மூட வருமா?"

சைமி வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரி. பூட்ஸைப் போட்டுட்டு வா" என்றார் ரெய்யோ மாமா.

காரில் போகும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. மண்சாலையில் திரும்பினார். இன்னொரு மண்சாலையில் திரும்பினார். பின்னால் வேறு கார் வருகிறதா என்று கண்ணாடியில் இரண்டு முறை பார்த்துக்கொண்டார். கடைசியில் நான்கு பைன் மரங்களுக்குப் பின்னால் காரை ஒளித்து நிறுத்தினார்.

அங்கிருந்து சதுப்புக்குள் ஒரு பலகைப் பாதை போயிற்று. இரண்டு பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்ட ஒடுக்கமான பாதை. எப்போதோ மரம் வெட்ட வந்தவர்கள் போட்டுவிட்டு மறந்துபோனது. உளுத்த பலகைகளை வருடா வருடம் மாற்றி வைத்திருப்பவர் ரெய்யோ மாமாதான்.

"மத்த சதுப்பெல்லாம் காலை உள்ள இழுக்கும்" என்றார் அவர். "இழுத்த காலை வெளிய எடுக்க நல்ல முழங்கால் வேணும். எனக்கு இனிமே இந்த ஒரு எடம்தான். இது போச்சுன்னா, கடையில வாங்கித்தான் திங்கணும்."

கடையில் வாங்குவது என்று சொல்லும்போது அவர் முகம் கசப்பு மருந்து குடித்தது போல ஆயிற்று.

பலகையின் இரண்டு பக்கமும் ஹில்லா சிவந்து கிடந்தது. எல்லாம் காய்தான். ஒன்றே ஒன்று மட்டும் அவசரப்பட்டுப் பழுத்திருந்தது. அதன்மேல் காலைப் பனித்துளி. சைமி பலகையில் குப்புறப் படுத்து, போனை மிக அருகில் கொண்டுபோய் ஒரு படம் எடுத்தாள்.

"ஏய், ஏய், என்ன பண்ற?"

"பழத்தை மட்டும்தான் மாமா எடுத்தேன். பாருங்க."

ரெய்யோ மாமா போனை வாங்கிக் கையை நீட்டி வைத்துப் பார்த்தார். கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பழம், பனித்துளி, ஒரு பச்சை இலை. வேறொன்றும் இல்லை.

"ம். இதைப் பாத்தா எந்த ஊருன்னு கடவுளுக்கே தெரியாது" என்றார். "நல்லாத்தான் எடுத்திருக்க. வர்ற சனிக்கிழமை எல்லாம் பழுத்துரும். அன்னைக்கு வாளி எடுத்துட்டு வருவோம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா தூலியா ஆரம்பித்தார்.

"எங்கடி போயிட்டு வந்தீங்க?"

"காட்டுக்கு."

"காட்டுல எங்க?"

"மரத்துக்குப் பக்கத்துல."

"பெத்த அம்மாகிட்டயே மறைக்கிறியா? அடுப்புல தோசைக்கல்லை வெச்சு இனிப்புத் தோசை ஊத்தலாம்னு பாத்தேன். சரி, அப்புறம் பாத்துக்கலாம்..."

சைமிக்கு அது மிகக் கஷ்டமான நேரம். ஆனாலும் அவள் சொல்லவில்லை. அம்மா சிரித்துவிட்டு மூன்று தோசை ஊற்றிக் கொடுத்தார்.

பதினான்கு வயது அண்ணன் ஒன்னி வேறு வழியில் முயன்றான். "வடக்கா தெற்கா, அதை மட்டும் சொல்லு. சொன்னா என் சைக்கிளை ஒரு வாரம் ஓட்டலாம்."

சைமி உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

இவ்வளவு கெட்டியாக இருந்தவள்தான், அன்று மாலையே அந்தப் படத்தை வட்டாரப் பத்திரிகையின் இணையப் பக்கத்துக்கு அனுப்பினாள். 'வாசகரின் கோடை' என்று ஒரு பகுதி அதில் உண்டு. யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம். சைமி ஊர்ப் பெயரைப் போடவில்லை. காட்டின் பெயரைப் போடவில்லை. 'முதல் பழம்' என்று மட்டும் எழுதினாள். எழுதியதை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

புதன்கிழமை காலை ஒன்னி மேசையிலிருந்து கத்தினான்.

"ஏய் சைமி! உன் படத்துக்கு முன்னூத்திப் பன்னண்டு இதயம்!"

சைமி ஓடிவந்து பார்த்தாள். உண்மைதான். முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பிடித்திருந்தது. கீழே பாராட்டுகள் வேறு. 'அருமை.' 'வாயில் எச்சில் ஊறுகிறது.' அவள் படித்துக்கொண்டே போனாள். ஐந்தாவது ஆள் இப்படி எழுதியிருந்தார்: 'ரொம்ப நன்றி! சனிக்கிழமை வாளியோடு வந்துவிடுகிறோம்.'

"எங்க வர்றாங்க?" என்றாள் சைமி.

"எனக்கென்ன தெரியும்? நீதானே எடத்தைச் சொல்லியிருக்க."

"நான் சொல்லலையே!"

ஒன்னி படத்தின் மூலையில் இருந்த ஒரு சின்னப் படத்தைத் தொட்டான். வரைபடம் ஒன்று விரிந்தது. நதி, சாலை, ஏரி. பிறகு அது தானாகவே பெரிதாகிக்கொண்டே போயிற்று. மண்சாலை தெரிந்தது. இன்னொரு மண்சாலை. நான்கு பைன் மரங்கள்கூடப் பச்சைப் பொட்டுகளாகத் தெரிந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம், பலகைப் பாதை இருக்கும் அதே இடத்தில், ஒரு மஞ்சள் புள்ளி உட்கார்ந்திருந்தது.

சைமிக்குக் காது சுட்டது.

"நான் யாருக்கும் சொல்லவே இல்ல" என்றாள் மெல்லிய குரலில். "தோசைக்குக்கூடச் சொல்லல."

ஒன்னி ஒரு நல்ல காரியம் செய்தான். கேலி செய்யவில்லை. "உன் போனைக் குடு" என்று வாங்கி, அதே படத்தைத் திறந்து, 'விவரம்' என்ற இடத்தைத் தொட்டான்.

படத்தின் அளவு இருந்தது. தேதி இருந்தது. காலை எட்டு மணி பதினாறு நிமிடம் என்று நேரம் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு நீளமான எண்கள்.

"இது பூமியில வடக்கு தெற்கா எங்கன்னு சொல்ற நம்பர். இது கிழக்கு மேற்கா எங்கன்னு சொல்றது" என்றான் ஒன்னி. "ரெண்டையும் சேத்தா எடம் வந்துரும். படம் எடுக்கும்போதே போன் எழுதி வெச்சிருக்கு. நீ படத்தைத்தான் அனுப்பின. அதுக்குள்ள இது ஒளிஞ்சுட்டுப் போயிருச்சு. பத்திரிகைக்காரங்க பக்கம் அதைப் படிச்சுப் புள்ளி வெச்சிருக்கு."

கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று நாம் கவனமாக யோசிக்கிறோம். உறையின் பின்பக்கம் வேறு யாரோ நம் விலாசத்தை எழுதி ஒட்டிவிட்டால் என்ன செய்வது? சைமிக்கு நடந்தது அதுதான்.

அவளுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. ஜூன் மாதம் வீட்டுப் படிக்கட்டில் நாய்க்குட்டி தூங்குவதை ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதைத் தேடித் திறந்தாள். மஞ்சள் புள்ளி அவர்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. பக்கத்துப் படத்தில் யாரோ ஒரு சின்னப் பையன் தன் புது ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தான். அவன் வீட்டின் மேலும் ஒரு புள்ளி.

சைமி முதலில் தன் இரண்டு படங்களையும் அழித்தாள். புள்ளிகள் போயின. பார்த்தவர்களின் கண்ணிலிருந்து அவை போகாது என்பது அவளுக்குத் தெரிந்தது.

பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா திட்டவில்லை. பத்திரிகையின் எண்ணைத் தேடி எடுத்துப் போனை அவள் கையில் கொடுத்தார். "நீயே பேசு. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் இலோனா என்ற பெண் எடுத்தாள். கோடையில் மட்டும் அங்கே வேலை பார்க்கிற கல்லூரி மாணவியாம்.

"அந்தப் புள்ளியா?" என்றாள் இலோனா. "அழகா இருக்கும்னுதான் போன வருஷம் போட்டாங்க. எந்தெந்த ஏரியிலேருந்து படம் வருதுன்னு பாக்கலாமே."

"ஏரின்னா பரவால்ல அக்கா. அதுல வீடும் தெரியுது. ஒரு சின்னப் பையன் ஊஞ்சல் ஆடுறான், அவன் எந்த வீட்டுல இருக்கான்னு எல்லாருக்கும் தெரியுது."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. பிறகு, "ஐயையோ" என்றாள் இலோனா. "என் படமும் இருக்கு. நான் தனியா இருக்கிற வீடு... இரு, இரு. நான் ஆசிரியர்கிட்டப் போறேன். நீ யார்னு சொன்ன?"

"சைமி" என்றவள் சட்டென்று நிறுத்தி, "பேர் மட்டும் போதும்ல?" என்றாள்.

"தாராளமாப் போதும்" என்று சிரித்தாள் இலோனா.

மதியத்துக்குள் எல்லாப் படங்களிலிருந்தும் மஞ்சள் புள்ளிகள் மறைந்தன. ஆனால் சனிக்கிழமை வாளியோடு வருகிறவர்களை யாரால் மறைக்க முடியும்?

"ஒரு யோசனை" என்றான் ஒன்னி. "இருபது படம் போடுவோம். இருபதுலயும் பொய்யான எடத்தை எழுதி வெச்சு. இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்கன்னு. ஜனங்க தலை சுத்திப் போயிருவாங்க. எப்படி?"

சைமிக்கு ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அந்தப் பொய்யான எடம் வேற யாரோ ஒருத்தரோட எடமா இருந்தா? இல்ல, ஆழமான சதுப்பா இருந்து யாராவது உள்ள மாட்டிக்கிட்டா?"

ஒன்னி மூக்கைச் சொறிந்தான். "அதுவும் சரிதான்" என்றான்.

ஆக, ஒரே ஒரு வேலைதான் மிச்சமிருந்தது. இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

ரெய்யோ மாமா முற்றத்தில் உட்கார்ந்து சனிக்கிழமைக்காக வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் சைமிக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

"மாமா, உங்க எடம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

வாளி அவர் கையில் அப்படியே நின்றது.

"யார்ட்டச் சொன்ன?"

"யார்ட்டயும் சொல்லல. போன் சொல்லிருச்சு."

"போனுக்கு வாயா இருக்கு?"

"உங்க டாக்சில வழி சொல்ற பெட்டி இருக்குல்ல மாமா? நாம எங்க இருக்கோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுவா? வானத்துல செயற்கைக்கோள் சுத்துது. அதுங்க ஓயாம மணி சொல்லிட்டே இருக்கும். கிட்ட இருக்கிறது சொல்ற மணி சீக்கிரம் வரும், தூரத்துல இருக்கிறது சொல்றது கொஞ்சம் லேட்டா வரும். நாலு கோளோட நேரம் கெடைச்சா, அந்த வித்தியாசத்தை வெச்சே நாம எங்க நிக்கிறோம்னு பெட்டி கணக்குப் போட்டுரும். இருவது வருஷமா அதை வெச்சுதானே ஓட்டுறேன்! எனக்கே பாடமா?"

"அதே பெட்டிதான் மாமா போனுக்குள்ளயும் இருக்கு. படம் எடுத்தப்ப அது கணக்குப் போட்டு, எடத்தைப் படத்துக்குள்ளயே எழுதி வெச்சிருச்சு. எனக்குத் தெரியாது. நான் அந்தப் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிட்டேன்."

ரெய்யோ மாமா பேசவில்லை. பேசாமல் இருப்பது அவருக்கு வழக்கம்தான். காரில் ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பார், அது போர்வை போல இதமாக இருக்கும். இந்தப் பேசாமை அப்படி இல்லை.

"எத்தனை பேர் பாத்தாங்க?" என்றார் கடைசியில்.

"முன்னூத்திப் பன்னண்டு பேருக்குப் பிடிச்சிருந்தது."

"எனக்குத் தெரிஞ்ச ஆளே அத்தனை பேர் கெடையாது."

"இப்பவே போய்ப் பறிச்சுரலாமா மாமா? நானும் ஒன்னியும்..."

"காயைப் பறிச்சா காயாத்தான் கெடக்கும். சனிக்கிழமைதான் பழுக்கும். எல்லாருக்கும் அது தெரியும்."

அவர் எழுந்தார். கிளிக், கிளிக் என்று படியேறினார். கதவை ஓங்கிச் சாத்தவில்லை. சத்தமில்லாமல் சாத்தினார். ஓங்கிச் சாத்தியிருந்தால் தேவலை என்று தோன்றியது சைமிக்கு.

வியாழக்கிழமை முழுவதும் அவள் யோசித்தாள். வருகிறவர்களைத் தடுக்க முடியாது. தடுப்பதும் சரியில்லை, பழம் எல்லாருக்கும்தான். அவர்கள் கெட்டவர்களும் இல்லை. அவர்களுக்கு ஹில்லா பிடிக்கும், அவ்வளவுதான். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. ரெய்யோ மாமாவின் முழங்கால்.

தெரியாததைச் சொன்னால் என்ன?

வெள்ளிக்கிழமை சைமி ஒரு பழைய அலமாரிக் கதவை எடுத்து, நீலச் சாயத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கே அவளும் ஒன்னியும் சைக்கிளில் போய்விட்டார்கள். பலகைப் பாதை தொடங்கும் இடத்தில் அந்தக் கதவை நட்டு வைத்தார்கள். சதுப்பு முழுவதும் தேன் நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. கொசுக்கள் ஆயிரமாயிரமாக வந்து வரவேற்றன.

"ஒண்ணு பறிச்சுத் திங்கலாமா?" என்றான் ஒன்னி.

"உள்ள போய்ப் பறி. பலகை ஓரத்துல தொடாத."

எட்டு மணிக்கு முதல் கார் வந்தது. பிறகு மூன்று கார்கள் சேர்ந்து வந்தன. வாளிகளோடு இறங்கியவர்கள் பலகையை நோக்கி வேகமாக நடந்து வந்து, நீல எழுத்துகளைப் பார்த்து நின்றார்கள்.

'பலகையில் இருந்தபடி கையை நீட்டினால் எட்டும் பழங்கள், பலகையை விட்டு இறங்க முடியாதவர்களுக்கு. மற்றதெல்லாம் எல்லாருக்கும். கொசு உட்பட.'

ஒரு அம்மா சிரித்துவிட்டார். தன் பிள்ளைகளைப் பார்த்து, "படிச்சீங்களா? தாண்டி உள்ள போங்க" என்றார். பலகையிலிருந்து நீளமாகக் காலை வைத்துச் சதுப்புக்குள் இறங்கினார்கள். பூட்ஸ் 'சளக்' என்றது.

எல்லாரும் அவ்வளவு சுலபமாக இறங்கவில்லை. இரண்டு பெரிய வாளி வைத்திருந்த உயரமான மனிதர் ஒருவர் கதவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்படி எந்தச் சட்டத்துல இருக்கு பாப்பா?"

"சட்டத்துல இல்ல" என்றாள் சைமி. "முழங்கால்ல இருக்கு."

"யார் முழங்கால்ல?"

"எங்க பக்கத்து வீட்டு மாமா முழங்கால்ல. முப்பத்தொரு வருஷமா இந்தப் பலகையை மாத்தி மாத்திப் போடுறது அவர்தான். இப்ப அவரால பலகையை விட்டுக் கீழ எறங்க முடியாது. நீங்க அதுமேலதான் நிக்கிறீங்க."

அந்த மனிதர் குனிந்து தன் காலுக்குக் கீழே பார்த்தார். புதுப் பலகை ஒன்று, பழைய பலகைகளுக்கு நடுவில் வெளுப்பாக இருந்தது. ஆணிகள் நேராக அடிக்கப்பட்டிருந்தன.

"நல்ல வேலை" என்று முணுமுணுத்தார். பிறகு பலகை ஓரத்தில் இருந்த கொழுத்த பழங்களை மிதிக்காமல், கொக்கு போலக் காலைத் தூக்கித் தாண்டி, உள்ளே போனார்.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. ரெய்யோ மாமா வரவில்லை. சைமி மண்சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போய்க் கூப்பிடட்டுமா?" என்றான் ஒன்னி.

"வேணாம். அவருக்கே வரத் தோணணும்."

அதற்குள் வேறு ஒருத்தி வந்தாள். மிர்யா என்ற இளம்பெண். வயிற்றில் குழந்தை, எட்டாவது மாதம். அவள் கணவன் சதுப்புக்குள் இறங்கிவிட்டான். அவள் கதவைப் படித்துவிட்டுத் தயங்கினாள்.

"இதுல நானும் சேத்தியா?" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"நீங்க கண்டிப்பாச் சேத்தி அக்கா" என்றாள் சைமி.

மிர்யா பலகையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பழமாகப் பறித்தாள். ஒன்று வாளிக்கு, ஒன்று வாய்க்கு.

பன்னிரண்டு மணிக்குத்தான் டாக்சி வந்தது. ரெய்யோ மாமா ஒற்றை வாளியோடு இறங்கினார். அதுவும் சின்ன வாளி. ஏழு கார்கள் நிற்பதைப் பார்த்துத் தலையை அசைத்துக்கொண்டார். கதவின் எழுத்துகளைப் படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு பலகைமேல் ஏறினார். கிளிக், கிளிக்.

தூரத்தில் சதுப்பு பச்சையாகக் கிடந்தது. அங்கெல்லாம் பறித்தாகிவிட்டது. ஆனால் பலகைப் பாதையின் இரண்டு பக்கமும், அது போகிற தூரம் முழுவதும், சேலைக்கு ஜரிகைக் கரை போட்டது போலத் தங்கமாக மின்னிக்கொண்டிருந்தது.

ரெய்யோ மாமா அசையாமல் நின்றார்.

"ஒருத்தரும் தொடலையா?" என்றார்.

"அந்த அக்கா மட்டும் தொட்டாங்க. அவங்களுக்கும் அனுமதி உண்டு" என்றாள் சைமி. பிறகு, "மாமா... நான் அதை வேணும்னு பண்ணல" என்றாள்.

"தெரியும். அந்தப் படத்தைப் பாத்து, கடவுளுக்கே தெரியாதுன்னு சொன்னது யாரு? நான்தானே?" அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "இந்தக் கொசு ஒண்ணு, கண்ணுக்குள்ளயே வருது."

அவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் பழம் போட வாளி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சைமியும் ஒன்னியும் சிரித்த சிரிப்பில் மிர்யாவும் சேர்ந்துகொண்டாள். உயரமான மனிதர் சதுப்புக்குள்ளிருந்தே தன் பெரிய வாளி ஒன்றை நீட்டினார். "இதை வெச்சுக்கங்க. இன்னொண்ணு இருக்கு."

அந்த வாளி நிரம்பியது. பாதி தூரம் போனதும் ரெய்யோ மாமா நிறுத்திக்கொண்டார். "மிச்சம் அந்தப் பொண்ணுக்கு இருக்கட்டும். ரெண்டு பேருக்கில்ல சாப்பிடுது" என்றார் யாரையும் பார்க்காமல்.

அன்று மாலை அவருடைய சமையலறையில் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். சுட்ட பாலாடைக்கட்டித் துண்டுகளின் மேல் புதுப் பழத்தைக் கொட்டிச் சாப்பிட்டார்கள். அந்தக் கட்டி பல்லில் பட்டால் எலிக்குஞ்சு போல 'கீச்' என்று கத்தும். ஒன்னி வேண்டுமென்றே கத்த வைத்துக்கொண்டிருந்தான். அம்மா இரண்டாம் முறை காப்பி ஊற்றிக்கொண்டார்.

ரெய்யோ மாமா தொண்டையைச் செருமினார்.

"செப்டம்பர்ல காளான் வரும். எனக்கு ஒரு காளான் எடம் இருக்கு. பாறை மேல, பலகையே தேவையில்ல. சைமி, நீ வர்றியா?"

சைமி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். பையிலிருந்த போனை எடுத்து அம்மாவின் பக்கம் நகர்த்தினாள். "வர்றேன் மாமா. இதை வீட்டுலயே வெச்சுட்டு வர்றேன்."

"எதுக்கு? நல்லாப் படம் எடுக்கிறியே" என்ற ரெய்யோ மாமா, தன் பழைய போனையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். "எடுத்துட்டே வா. முதல்ல இது ரெண்டோட வாயையும் எப்படி மூடுறதுன்னு காட்டு."

சைமி நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.